அந்த அறை

களியக்காவிளையில் சித்தி வீட்டுத் தொலைக்காட்சியில் இன்று மதியம் 2022இல் வந்த ‘ஜய ஜய ஜய ஜய ஹே’ மலையாளப் படம் ஓடிக்கொண்டிருந்தது.

கணவன் மனைவியைக் கன்னத்தில் அறைந்ததும், மரச்சீனிக் கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்த சித்தியின் கத்தி பாதியில் நின்றது.

பிறகு அவன் மன்னிப்புக் கேட்டு அவளைச் சாப்பிட வெளியே அழைத்துப் போனபோது, "இதையும் சரியாகத்தான் எடுத்திருக்கிறான்" என்றாள் சித்தி.

நம் நெடுந்தொடர்களில் ஓர் அறை விழுந்தால் இடி முழங்கும், ஒரே முகத்தை மூன்று முறை காட்டுவார்கள். அந்த ஆர்ப்பாட்டத்தில் வன்முறை ஏதோ வில்லன்கள் வீட்டு விவகாரமாகிவிடுகிறது. இங்கே அது இடியப்பத்துக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவே சாதாரணமாக விழுகிறது.

2021இல் வந்த ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ இன்னும் நுட்பமானது. ஒழுகும் சமையலறைத் தொட்டிக் குழாயைச் சரிசெய்ய ஆள் அழைக்காத கணவனையும், சோறு விறகடுப்பில்தான் வேக வேண்டும் என்னும் மாமனாரையும் வைத்தே அது அந்த வீட்டின் கொடுமையைச் சொல்லிவிடுகிறது.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இலேயே சொல்லாலும் மனத்தாலும் பணத்தாலும் செய்யும் கொடுமையைச் சேர்த்துவிட்டது. திரைதான் தாமதமாக வந்தது.

ஆனால் இன்று பார்த்த படத்தின் நாயகி ஜயா யூடியூபில் கராத்தே கற்றுத் திருப்பி அடிப்பது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. கைதட்டல் விழும் அந்த இடத்தில் படம் கொஞ்சம் சினிமாவாகிவிடுகிறது. சித்திக்கோ அதுதான் மிகவும் பிடித்திருந்தது.