கோல்ஃப் ஆப் சொல்லும் தூரம்: 150 யார்டு குறியில் நின்று சரிபார்த்தது

ஜிபிஎஸ் கடிகாரம் வாங்கும் முன் போனிலேயே தொடங்குவது நல்லது. ஹோல்19, 18பேர்டீஸ் போன்ற ஆப்களில் காசு கட்டாமலே கிரீனின் (குழியும் கொடியும் இருக்கும் குட்டைப் புல் பரப்பு) முன்விளிம்பு, நடு, பின்விளிம்பு மூன்றுக்கும் தூரம் கிடைக்கிறது. எந்த ஆப் என்பதை உங்கள் மைதானத்தின் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கிரீனை இடம் மாற்றிய மைதானமாக இருந்தால், சில ஆப்களில் பழைய கிரீன்தான் இன்னும் இருக்கும்.

முதல் சுற்று முழுவதும் சோதனைக்கே. ஃபேர்வேயில் (தொடக்க இடமான டீயிலிருந்து கிரீன்வரை புல் வெட்டிய பாதை) கிரீனுக்கு 150 யார்டு என்று காட்டும் குறி இருக்கும் இடத்தில் நின்று எண்ணைப் பார்க்க வேண்டும். பாக்கெட்டிலிருந்து போனை எடுத்ததும் தெரிவது பெரும்பாலும் பழைய இடத்தின் தூரம். 163, 158, 152 என்று இறங்கி ஓரிடத்தில் நிற்கும்வரை ஐந்தாறு நொடி பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு முதல் எண்ணை நம்பினால் ஒரு கிளப் கூடிப்போகும், அதாவது தேவைக்கு மேல் தொலைவு அடிக்கும் மட்டையை எடுத்துவிடுவீர்கள். பந்து கிரீனைத் தாண்டும்.

திறந்த வானத்தின் கீழ் போன் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர், அதாவது ஐந்தரை யார்டுவரை பிசகலாம். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். நான்கைந்து ஹோலில் (டீயிலிருந்து குழிவரை ஒரு ஹோல்) குறித்துக்கொண்டால் கோளாறு எங்கே என்பது பிடிபடும். எல்லா ஹோலிலும் ஏறக்குறைய ஒரே அளவு கூடுதலாக வந்தால், மைதானத்தின் குறி கிரீனின் நடுவுக்கு அளக்கப்படாமல் முன்விளிம்புக்கு அளக்கப்பட்டிருக்கலாம். ஒரே ஒரு ஹோலில் மட்டும் விலகினால் வரைபடம் தப்பு. நின்ற இடத்திலேயே எண் ஆடிக்கொண்டிருந்தால் சிக்னல் சரியில்லை: மரத்தடி, கட்டடத்தின் ஓரம், அல்லது போனின் பேட்டரி சேமிப்பு முறை. அந்த முறையை அணைத்து, இருப்பிட அனுமதியில் ‘துல்லியமான இருப்பிடம்’ என்பதையும் போட்டுவிடுங்கள். எல்5 என்ற இரண்டாவது ஜிபிஎஸ் அலைவரிசையையும் சேர்த்துப் பிடிக்கும் போன்களில் மரங்களுக்கிடையே தடுமாற்றம் குறைகிறது.

இரண்டாம் சுற்றில்தான் உண்மையான பயன் தெரியும். நடு 148, முன் 134, பின் 162 என்று காட்டுகிறது. கொடியோ பின்பக்கம் இருக்கிறது. நடுவுக்கு அடித்தால் பத்து யார்டுக்கு மேல் நீளமான பட் (கிரீனில் குழியை நோக்கி உருட்டும் அடி) மிஞ்சும். கொடி எங்கே என்று ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியாது. அதற்குக் கொடியைக் குறிவைத்து அளக்கும் லேசர் கருவி வேண்டும், இல்லையென்றால் கிளப் பையைத் தூக்கிவரும் உதவியாளரான கேடியைக் கேளுங்கள். ஆனால் மேட்டுக்கு அப்பால் மறைந்திருக்கும் கிரீனுக்கு லேசர் உதவாது. அங்கே ஜிபிஎஸ்தான் கை கொடுக்கும். பங்கரின் (மணல் குழி) தொலைவிளிம்பைப் படத்தில் தொட்டால் அதைத் தாண்ட எத்தனை யார்டு என்பதும் வந்துவிடும். டீயில் மிகத் தொலைவு அடிக்கும் டிரைவரா, சிறிய கிளப்பா என்று தீர்மானிக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

ஒரு சுற்று நான்கு மணி நேரத்துக்கு மேல் போகும். பேட்டரியைத் தின்பது பெரும்பாலும் திரை வெளிச்சம்தான். ஒவ்வொரு ஷாட்டுக்கும் பிறகு திரையை அணைத்துவிடுங்கள். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டி என்றால், கருவிகளைப் பற்றிய கோல்ஃப் விதி 4.3-ஐப் பார்த்தாக வேண்டும். 2019 முதல் தூரம் அளப்பதற்குத் தடையில்லை, போட்டிக் குழு தன் உள்ளூர் விதியால் தடுத்திருந்தாலன்றி. ஏற்ற இறக்கத்தை அளப்பதும், பந்து கிடக்கும் இடத்தை வைத்து எந்த கிளப் என்று ஆப்பிடம் யோசனை பெறுவதும் கூடாது. மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் முதல் முறை இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை, மறுமுறை தகுதி நீக்கம். டீக்குப் போகும் முன்பே அந்த வசதிகளை அணைத்துவிடுங்கள்.