கிழங்கு தோண்டும் சரிவும் சான்றுதான்

காட்டை நம்பி வாழும் மக்களுக்குக் காட்டின் மீது உரிமை தரும் வன உரிமைச் சட்டத்தின் கீழ் மனு போடும் ஊர்களில் எப்போதும் கேட்கும் கேள்வி, "எங்ககிட்ட என்ன காகிதம் இருக்கு?" என்பது. வனத்துறை அபராத ரசீது, பழைய ரேஷன் கார்டு, கணக்கெடுப்பு என்று தேடி அலைகிறார்கள். தனிநபர் மனுவுக்கு அவை உதவும். ஆனால் ஊர் முழுவதற்கும் சேர்த்துக் கேட்கும் சமூக உரிமைக்கு விதிகள் கேட்பது வேறு. அந்தச் சட்டத்தின் விதிகளில், விதி 13-ன் இரண்டாம் உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். மேய்ச்சல் நிலம், கிழங்கும் வேரும் எடுக்கும் இடம், காட்டுப் பழம் பறிக்கும் இடம், மீன் பிடிக்கும் இடம், குடிநீர் எடுக்கும் ஊற்று, வைத்தியர் மூலிகை எடுக்கும் பகுதி, சாமி மரம், சுடுகாடு எல்லாம் அங்கே சான்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு ஊர் காட்டில் எங்கே எதைத் தின்றது என்பதே அதன் உரிமைக்கான ஆதாரம்.

அந்த ஆதாரம் பெரும்பாலும் பெரியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. அதனால்தான் இந்த வேலையில், உள்ளூர் மக்களுக்காக நடக்கும் சிறு நிலையமான சமூக வானொலிக்கு இவ்வளவு முக்கியத்துவம் தருகிறேன். நீலகிரியில் கீஸ்டோன் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் ரேடியோ கோத்தகிரி 90.4-ல் பழங்குடி மொழிகளிலேயே பேச்சும் பாட்டும் வருகின்றன. இப்படி ஒரு நிலையம் சாப்பாட்டைப் பற்றி எடுக்கும் ஒவ்வொரு பேட்டியையும் ஒலிபரப்பியதோடு விட்டுவிடாமல் சான்றாகவும் மாற்ற முடியும். பதிவு செய்யும்போதே அதை மனதில் வைத்திருந்தால் போதும். பின்னால் போய்ச் சரிசெய்வது ரொம்பக் கஷ்டம்.

விதி 13-ன் முதல் உட்பிரிவில் ஒரு வரி உண்டு: மனுதாரர் அல்லாத பெரியவர்களின் வாக்குமூலம், எழுத்தில். இதில் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். 'எழுத்தில்' என்பதால் ஒலிப்பதிவு மட்டும் போதாது; அதைத் தாளில் இறக்க வேண்டும். 'மனுதாரர் அல்லாத' என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சமூக உரிமை மனுவில் ஊரே மனுதாரர். அப்படியானால் உள்ளூர்ப் பெரியவரின் வாக்குமூலத்தை ஒரு அதிகாரி தட்டிக்கழிக்க வாய்ப்புண்டு. ஆகவே பக்கத்து ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரையாவது பேச வையுங்கள். "அந்தச் சரிவு அவங்களோடது, நாங்க ஓடைக்கு இந்தப் பக்கம்தான் எடுப்போம்" என்று பக்கத்து ஊர்க்காரர் சொல்லும் ஒரு வாக்கியம் எல்லைத் தகராறையும் சேர்த்தே தீர்த்துவிடும். எல்லையில் முரண்பாடு வந்தால் இரண்டு ஊர் வன உரிமைக் குழுக்களும் (மனுக்களைச் சரிபார்க்க கிராம சபை தேர்ந்தெடுக்கும் குழு) சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும் என்று விதியே சொல்கிறது. அங்கேயும் இந்தப் பதிவு கைகொடுக்கும்.

பேட்டி எப்படி இருக்க வேண்டும்? "காலங்காலமா இந்தக் காட்டுலதான் கிழங்கு எடுத்துச் சாப்பிடுறோம்" என்ற பேச்சு வானொலியில் கேட்க நன்றாக இருக்கும், சான்றாக நிற்காது. இடம், காலம், ஆள், அளவு நான்கும் பேச்சுக்குள் வர வேண்டும். உதாரணத்துக்கு, எழுத்தில் இறக்கிய வாக்குமூலம் இப்படி இருக்கலாம்: "பெரிய பாறைக்குக் கிழக்கே, ஓடை இரண்டாகப் பிரியும் இடத்துக்கு மேல் உள்ள சரிவில் நூரைக்கிழங்கு இருக்கிறது. மழையில் கொடி மரத்தில் ஏறும். கொடி காய்ந்த பிறகு தையிலும் மாசியிலும் தோண்டுவோம். சிறுமியாக இருந்தபோது என் அம்மாவுடனும் பெரியம்மாவுடனும் போனேன். இப்போது என் மருமகள் போகிறாள். ஒரு நாளைக்கு ஒரு கூடை கிடைக்கும். கிழங்கின் தலையைக் கொடியோடு வெட்டி அதே குழியில் வைத்து மண் மூடிவிட்டு வருவோம்." மூன்று தலைமுறை, நடந்துபோய்ப் பார்க்கக்கூடிய அடையாளம், பருவம், பராமரிப்பு முறை எல்லாம் ஏழு வாக்கியத்துக்குள் வந்துவிட்டன. கடைசி வாக்கியத்துக்குத் தனி மதிப்பு உண்டு. சட்டத்தின் பிரிவு 3(1)(i) சமூக வன வளத்தை, அதாவது ஊர் வழக்கமாகப் பயன்படுத்தும் காட்டுப் பகுதியை, காத்து, மறுஉற்பத்தி செய்து, நிர்வகிக்கும் உரிமையைத் தருகிறது. தலையைத் திரும்ப நட்டுவிட்டு வரும் பழக்கம் அந்த நிர்வாகத்தின் நேரடி உதாரணம்.

இந்த நான்கும் தானாக வராது. "அப்புறம் எப்படிச் சமைப்பீங்க?" என்று உடனே தாவிவிடாமல், "எந்த வழியா போவீங்க? வழியில முதல்ல என்ன வரும்?" என்று நடையைக் கேளுங்கள். பெரியவர்கள் திசையை வைத்துச் சொல்வதைவிட நடையை வைத்துத்தான் துல்லியமாகச் சொல்வார்கள். பெண்களைத் தனியாகப் பேச வைப்பதும் அவசியம். பெரும்பாலான ஊர்களில் கிழங்கும் கீரையும் அவர்கள் கைவேலை. ஆண்கள் நடுவில் உட்கார்ந்தால் பேச்சு தேனுக்கும் தேன் எடுக்கும் பாறைக்கும் போய்விடும்.

ஒன்றில் கறாராக இருங்கள். பழைய நாள் சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வேட்டைக் கதை வராமல் இருக்காது. சட்டம் தரும் உரிமைகளில் வேட்டையும் கண்ணி வைப்பதும் கிடையாது. பிரிவு 3(1)(l) அதை வெளிப்படையாக விலக்குகிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தலைக்கு மேல் தொங்குகிறது. ஆகவே அந்தப் பகுதி ஒலிபரப்பிலும் வரக்கூடாது, வாக்குமூலத்திலும் வரக்கூடாது. பேசத் தொடங்குவதற்கு முன்பே பெரியவரிடம் இதைச் சொல்லிவிடுவதுதான் மரியாதை. மீன் பிடிப்பது வேறு. அது உரிமைப் பட்டியலில் இருக்கிறது, தாராளமாகப் பேசலாம்.

அதேபோல், கிழங்கு இருக்கும் சரியான இடத்தையும் தேன் பாறையின் பெயரையும் அப்படியே காற்றில் விடாதீர்கள். மறுவாரம் வெளியாள் மண்வெட்டியோடு வந்து நிற்பான். ஒலிபரப்புப் பிரதியில் இடப்பெயரை வெட்டிவிட்டு, முழுப் பதிவை வன உரிமைக் குழுவிடம் கொடுங்கள். ஊறவைத்துக் கசப்பு எடுக்க வேண்டிய கிழங்குகளின் செய்முறையைப் பாதியில் நிறுத்துவதும் ஆபத்து. எத்தனை முறை தண்ணீர் மாற்ற வேண்டும் என்பது விடுபட்டுப்போனால் கேட்பவர் வீட்டில் வயிற்றுப்போக்கில் முடியும். முழுதாகச் சொல்ல நேரம் இல்லையென்றால் செய்முறையையே விட்டுவிடுங்கள்.

பதிவு செய்யும் முறைக்கு வருவோம். விலை உயர்ந்த கருவி வேண்டாம். ஃபோனில் எடுத்தாலும் ஏரோப்ளேன் மோடில் போட்டு, டபிள்யூ.ஏ.வி. வடிவத்தில், 44.1 கிலோஹெர்ட்ஸ் 16 பிட் மோனோவில் எடுங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டுக்கொண்டே எடுக்காவிட்டால் காற்று அடித்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். தகரக் கூரையில் மழையும் சாயங்காலச் சில்வண்டும் பேச்சை விழுங்கிவிடும். காலை வேளைதான் நல்லது. தொடக்கத்தில் தேதி, ஊர், பேசுபவர் பெயர், பதிவு செய்பவர் பெயர், எதற்காகப் பயன்படுத்தப் போகிறோம் என்பதை அவர்கள் மொழியிலேயே சொல்லி, சம்மதத்தையும் ஒலியிலேயே வாங்குங்கள். வானொலிக்குச் சம்மதம் வேறு, மனுவுக்குச் சம்மதம் வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

பிறகு எழுத்தில் இறக்கும் வேலை. பெரியவர் சொன்ன இடப்பெயரையும் செடிப்பெயரையும் மாற்றாதீர்கள்; தாவரவியல் பெயர் உறுதியாகத் தெரியாமல் பக்கத்தில் எழுதுவது பிற்பாடு எதிராகத் திரும்பும். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, திருத்தச் சொன்னதைத் திருத்தி, கையெழுத்தோ கைரேகையோ வாங்கி, குழுச் செயலாளரும் தேதியோடு கையெழுத்திட வேண்டும். ஒலிபரப்பான நிகழ்ச்சியை 3 மாதம் வைத்திருந்தால் போதும் என்பது உரிம நிபந்தனை. இந்த வேலைக்கு அது போதவே போதாது. வெட்டாத மூலக் கோப்பை இரண்டு ஹார்ட் டிஸ்கில், இரண்டு வேறு கட்டடங்களில் வையுங்கள். வழக்கு நீதிமன்றம் வரை போனால் பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-ன்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழும் ஹாஷ் எண்ணும் (கோப்பின் கைரேகை போன்ற எண்; கோப்பு மாறினால் அதுவும் மாறும்) கேட்பார்கள். பதிவு எடுத்த அன்றைக்கே எஸ்.எச்.ஏ-256 ஹாஷை எடுத்து நோட்டில் எழுதிவைத்தால் கோப்பைத் திருத்தவில்லை என்று காட்டலாம்.

வாக்குமூலம் கையில் வந்ததும் இடத்தை நடந்து பார்க்க வேண்டும். கிழங்கு விஷயத்தில் பலர் தவறுவது இங்கேதான். தோண்டும் காலத்தில் கொடி காய்ந்து போயிருக்கும். பழகிய கண்ணுக்குத்தான் இடம் தெரியும், கூட வரும் வனக் காவலருக்கு வெறும் சரிவாகத் தெரியும். மழைக்குப் பின் கொடி பச்சையாக இருக்கும்போது ஒரு முறை போய் ஜி.பி.எஸ். புள்ளியும் படமும் எடுங்கள். தோண்டும் காலத்தில் இன்னொரு முறை. அடர்ந்த மரத்தடியில் ஃபோன் ஜி.பி.எஸ். நன்றாகவே தவறும். இரண்டு மூன்று நிமிடம் நின்று, துல்லியம் 10 மீட்டருக்குள் வந்த பிறகு குறியுங்கள். உண்ணிச்செடி மூடிவிட்ட இடங்களை விட்டுவிட வேண்டாம். முன்பு அங்கே என்ன எடுத்தோம், எப்போது புதர் மூடியது என்று சொல்லும் வாக்குமூலத்தோடு சேர்த்து வரைபடத்தில் காட்டலாம். சாட்டிலைட் படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று மறுத்தால், அந்தப் படம் மற்ற சான்றுகளுக்குத் துணைதானே தவிர மாற்று அல்ல என்று விதிகளின் 2012 திருத்தம் சொல்வதை எடுத்துக் காட்டுங்கள்.

சமூக உரிமைக்கு பி படிவம், சமூக வன வள உரிமைக்கு சி படிவம். சி படிவத்தோடு எல்லையும் அடையாளங்களும் காட்டும் வரைபடம் சேர வேண்டும். கம்பார்ட்மென்ட் எண் (வனத்துறை காட்டைப் பிரித்துக் கொடுத்திருக்கும் பகுதி எண்) தெரிந்தால் எழுதலாம், தெரியாவிட்டால் அதற்காக மனுவை நிறுத்த முடியாது. 75 ஆண்டு, மூன்று தலைமுறையாகக் காட்டில் வாழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை மற்ற பாரம்பரிய வனவாசிகளுக்கு மட்டும்தான். பட்டியல் பழங்குடியினரிடம் அதைக் கேட்டால் பணிவாக, ஆனால் எழுத்துபூர்வமாக மறுக்க வேண்டும். புலிகள் காப்பகம், சரணாலயம் என்பதும் மனு வாங்காமல் இருக்கக் காரணம் ஆகாது.

தமிழ்நாட்டில் தாமதத்துக்கு ஒரு பின்னணி உண்டு. 2008-ல் சென்னை உயர்நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவால் உரிமைப் பட்டா கொடுப்பது நின்றது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை விலக்கிய பிறகுதான் நகர்ந்தது. ஆனால் இப்போதும் மனுக்கள் கவிழும் இடம் கிராம சபைதான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று நடக்கும் ஊராட்சி கிராம சபையில் இதையும் ஒரு பொருளாகச் சேர்த்துவிடுகிறார்கள். பல குக்கிராமங்கள் சேர்ந்த ஊராட்சியில் பழங்குடியினர் சிறுபான்மை. பாதி உறுப்பினர் வர வேண்டும் என்ற குறைவெண் அங்கே எட்டாது. குக்கிராம அளவில் தனிக் கூட்டம் நடத்தலாம் என்று 2012 வழிகாட்டுதலே சொல்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். மனு மீதான தீர்மானத்துக்கு மனுதாரர்களில் பாதிப் பேராவது இருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் பெண்களின் கையெழுத்து குறைந்ததாலேயே தீர்மானம் செல்லாமல் போகும்.

இங்கே வானொலியின் இரண்டாவது பயன். சமூக வானொலி சொந்தமாகச் செய்தி போட முடியாது. ஆகாசவாணிச் செய்தியை அப்படியே அஞ்சல் செய்யலாம், அவ்வளவுதான். ஆகவே கிராம சபைத் தேதியை விமர்சனமோ வர்ணனையோ இல்லாத பொது அறிவிப்பாக, நாள், நேரம், இடம், கொண்டுவர வேண்டியது என்று மட்டும் சொல்லுங்கள். ஊர் மொழியில், பெண் குரலில், காலை வேலைக்குக் கிளம்பும் முன்னும் இரவு சமையல் நேரத்திலும். ஒரு வாரம் முன்பே ஆரம்பிக்க வேண்டும்.

மலையில் எஃப்.எம். எல்லா இடத்துக்கும் போகாது என்பதையும் கணக்கில் வையுங்கள். அனுமதிக்கப்பட்ட வீச்சுத்திறன் 100 வாட், ஆண்டெனா உயரம் தரையிலிருந்து 30 மீட்டர். சமவெளியில் 10 கிலோமீட்டருக்கு மேல் கேட்கும் அலை, மலையில் ஒரு முகடு குறுக்கே வந்தால் அதற்கு அப்பால் கேட்காது. பழங்குடி ஊர்கள் பெரும்பாலும் சரிவுக்குக் கீழேதான் இருக்கின்றன. அங்கே மெமரி கார்டும் ஒரு ஸ்பீக்கரும்தான் வானொலி. நிகழ்ச்சியை எடுத்துப்போய் ஊர்க் களத்தில் போட்டுக் கேட்கவைத்தால் இன்னொரு நன்மையும் உண்டு: "அது ஓடைக்கு மேற்கே இல்லையா?" என்று உடனே யாராவது திருத்துவார்கள். அந்தத் திருத்தத்தையும் பதிவு செய்து வாக்குமூலத்தில் சேருங்கள்.

கள ஆய்வுக்கு வனத்துறையையும் வருவாய்த்துறையையும் எழுத்தில் அழைத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். வந்தவர்கள் பதவியும் தேதியும் போட்டுக் கையெழுத்திட வேண்டும். வராமல் இருந்துவிட்டுப் பின்னால் ஆட்சேபித்தால் இன்னொரு தேதி கொடுக்கலாம். அதற்கும் வராவிட்டால் கள ஆய்வைப் பொறுத்தவரை கிராம சபை முடிவே முடிவு. மனு மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்; ஆனால் நாட்களைத் தீர்மானமோ முடிவோ எடுக்கப்பட்ட நாளிலிருந்தே எண்ணத் தொடங்குங்கள். கிராம சபைத் தீர்மானத்துக்கு எதிராக உட்கோட்டக் குழுவுக்குப் போக 60 நாள், அங்கிருந்து மாவட்டக் குழுவுக்கு 60 நாள். அந்த மேல்முறையீட்டோடு வாக்குமூலத்தின் நகல், வரைபடம், ஒலிப்பதிவு அடங்கிய பென் டிரைவ் மூன்றையும் இணைத்து, இணைப்புப் பட்டியலிலும் எண்போட்டு எழுதுங்கள். பட்டியலில் இல்லாத பென் டிரைவ் அலுவலக மேசையிலேயே தங்கிவிடும்.