பீன்யால செஞ்ச கார்பன் சைலன்சர்

மூணு மாசமா ஞாயித்துக்கிழமை எல்லாம் இதுக்கே போச்சு, நேத்து ராத்திரி தான் முடிஞ்சுது. லோட்டஸ் செவன்ங்கிற பழைய குட்டி பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி நானே கட்டிட்டு இருக்கிற கிட் காருக்கு கார்பன் ஃபைபர் சைலன்சர். பெங்களூர்ல கார் பார்ட்ஸ் கடைங்க இருக்கிற ஜேசி ரோடு முழுக்க அலைஞ்சும் அந்த சைஸ்ல ஒண்ணும் சிக்கல.

உள்ள பொடி ஓட்டை போட்ட ஸ்டெயின்லெஸ் பைப், அதைச் சுத்தி பசால்ட் கம்பளி (பாறையை உருக்கி இழுத்த நாரு), வெளிய தான் கார்பன். சத்தத்தை உறிஞ்சுறதும் சூட்டைத் தடுக்கிறதும் அந்தக் கம்பளி தான், அதுல கஞ்சம் பிடிச்சா மேல இருக்கிறது காலி. கார்பன் நாரு இந்தச் சூட்டையெல்லாம் தாங்கிடும்ங்க, அதை ஒட்டி வச்சிருக்கிற ரெசின்ங்கிற பசை தான் முதல்ல இளகும். என்னோட முதல் பீஸ் அப்படித்தான் போச்சு, சாதா எபாக்ஸி ரெசின் போட்டிருந்தேன், அரைமணி நேரம் எஞ்சின் ஓடினதும் ரிவெட் ஓட்டையெல்லாம் இழுத்துக்கிட்டு வந்துடுச்சு, அன்னிக்கு சாப்பாடே இறங்கல.

அடுத்த தடவை அதிக சூடு தாங்குற ஹை டெம்ப் எபாக்ஸி, ஓவன்ல படிப்படியா சூடேத்தி க்யூர், அதாவது இறுக வச்சேன். கார்பன் துணியை அச்சு மாதிரி ஒரு பைப் மேல சுத்தித் தான் செய்யணும். பெங்களூர் பீன்யா இண்டஸ்ட்ரியல் ஏரியால இருக்கிற லேத் அண்ணன் தான் சொன்னார், "பிவிசி பைப் மேல சுத்தாத தம்பி, அலுமினியம் போடு, ஆறினா அது சுருங்கும், தானா கழண்டு வரும்"னு. கார்பன் அவ்வளவா சுருங்காதுல்ல, வேக்ஸ் வேற தடவியிருந்தேன், அப்படியே வழுக்கிட்டு வந்துச்சு!! கையில எடுத்துப் பாத்தா வெயிட்டே தெரியல. ரெண்டு முனையையும் மூடுற எண்ட் கேப்புக்கு டிக் (TIG) வெல்டிங்கும் அவரே பண்ணார், ரொம்ப நன்றிண்ணே.

ரோட்டுக்கு இல்ல, டிராக்குக்கு மட்டும் தான். அடுத்த மாசம் கோயம்புத்தூர் காரி ரேஸ் டிராக்ல ஓட்டிப் பாக்கணும்.