இரு முனையும் சீவிய பென்சில்

முன்னாள் மாணவர் மலருக்கு எழுதச் சொல்லிச் சங்கத்தார் கேட்டதும் எங்கள் வேதியியல் ஆய்வுகூடம்தான் நினைவுக்கு வந்தது. ஒருநாள் சார் பென்சில் ஒன்றை இரு முனையும் சீவி, பேட்டரிக்கும் சின்ன பல்புக்கும் நடுவே வயரால் இணைத்தார். பல்ப் மங்கலாக எரிந்தது. பின்வரிசைக்காரர்கள் நாங்கள் பெஞ்சில் ஏறி நின்று பார்த்தோம்.

"இது என்ன, உலோகமா?" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை.

அப்புறம் கரும்பலகை நிறைய அறுகோணங்கள் வரைந்தார். பென்சில் முனையில் இருப்பது கிராஃபைட், கார்பனின் ஒரு வடிவம். கார்பனுக்கு நான்கு கைகள், அதாவது பிணைப்புக்கு நான்கு எலக்ட்ரான்கள். வைரத்தில் நான்கும் நாலாபக்கமும் இறுகப் பிடித்திருக்கும். கிராஃபைட்டில் மூன்று கைகள் பக்கத்து அணுக்களைப் பிடித்துத் தட்டையான தாளாகும். நான்காவது எலக்ட்ரான் அந்தத் தாள் முழுவதும் உலவும். மின்சாரம் பாய்வது அதனால். தாளுக்கும் தாளுக்கும் இடையே பிடிப்பு குறைவு, அதனால் வழுக்கும். எழுதும்போது பேப்பரில் படிவது உரிந்து வந்த அடுக்குகள். ஒருகாலத்தில் இதை ஈயவகை என்றே நினைத்திருந்தார்கள். கார்பன் என்று 1779-இல் காட்டியவர் ஷீலே என்ற வேதியியலாளர். 'காரீயம்' என்ற பெயரில் அந்த ஈயம் இன்னும் இருக்கிறது.

படிப்பு முடிந்து மோட்டார் பராமரிப்பு வேலையில் சேர்ந்தேன். முதலில் மாற்றக் கொடுத்தது ஒரு கார்பன் பிரஷ். மோட்டாரில் சுழலும் செப்பு வளையமான கம்யூட்டேட்டரில் உரசிக்கொண்டே மின்சாரத்தைக் கடத்த வேண்டிய கிராஃபைட் துண்டு அது. செம்பு நன்றாகக் கடத்தும், ஆனால் உரசி உரசித் தேய்த்துவிடும். எண்ணெய் வழுக்கும், கடத்தாது. கிராஃபைட்டோ இரண்டும் செய்யும். விரலில் கறுப்பு ஒட்டியதும் அந்தக் கரும்பலகை கண்முன் வந்தது. உருக்காலை மின்முனை, உலோகம் உருக்கும் மூசை, லித்தியம் பேட்டரி, 1942-இல் சிகாகோவில் இயங்கிய முதல் அணு உலை என்று கிராஃபைட் போகாத இடமில்லை. எனக்கு என்னவோ அந்தச் சின்ன பிரஷ்தான் பெரிது.

சார் அன்று சொல்லாமல் விட்டது ஒன்றைப் பின்னால் படித்தேன். இரண்டாம் உலகப்போரில் மிக உயரே பறந்த விமானங்களில் ஜெனரேட்டர் பிரஷ்கள் மளமளவெனப் பொடியாயின. காற்றின் ஈரம் சேர்ந்தால்தான் கிராஃபைட் அவ்வளவு நன்றாக வழுக்குமாம். மேலே அந்த ஈரம் மிகக் குறைவு. இதைப் படித்த அன்றே சாருக்குக் கடிதம் எழுதினேன், பென்சிலால்.

பதிலில் பாராட்டு ஒரு வரி, கேள்வி ஒரு வரி: "சரி, காற்றே இல்லாத விண்வெளியில் வழுக்குவதற்கு எதைப் பூசுகிறார்கள்?"

தேடிப் பிடித்தேன். மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம். அதுவும் அடுக்கடுக்கானதுதான், சார்.