கொழும்பில் சோளம்: வெப்பக் கணக்குக் குறிப்புகள்

ஜனவரி 12
வெள்ளவத்தை, பின்வளவு. இனிப்புச் சோளம், 4 செ.மீ. ஆழம், 60 × 30 செ.மீ. இடைவெளி. ஒரே நீண்ட வரிசையாக வேண்டாம். நான்கு குறுவரிசைகள் நல்லது. மகரந்தம் காற்றில் போவது, ஒற்றை வரிசையென்றால் பாதி பக்கத்து வளவுக்குத்தான்.

செடி வளர நாள்தோறும் சேரும் வெப்பத்தை அலகுகளாக எண்ணும் கணக்கு இதுதான்: நாளின் உச்ச வெப்பத்தையும் தாழ் வெப்பத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து 10ஐக் கழிக்க வேண்டும். உச்சம் 30ஐத் தாண்டினாலும் 30 என்றே போடுவது வழக்கம். இன்று 31, 22. ஆக 16 அலகு. குளிரான மலைநகர் நுவரெலியாவில் 20, 10 என்றால் வெறும் 5.

ஜனவரி 16
முளை தெரிகிறது. முளைக்க ஏறத்தாழ 65 அலகு வேண்டும். நுவரெலியாவில் இதற்கே இரண்டு கிழமை பிடிக்கும், அதற்குள் ஈரம் மிஞ்சினால் விதை அழுகும்.

பெப்ரவரி 2
ஆறு இலைகள் முழுதாக விரிந்து, ஒவ்வொன்றின் அடியிலும் வெளிறிய வளையம் தெரிகிறது. இந்தக் கட்டத்தில் ஓர் இலைக்கு 45 அலகு அளவு, அதாவது மூன்று நாளுக்கு ஒன்று. இதுவரை மண்ணுக்குள் இருந்த வளர்நுனி இப்போதுதான் மேலே வருகிறது. இனி தண்டை வெட்டும் புழு வந்தால் செடி தப்பாது. யூரியா போட நாள்களை எண்ண வேண்டாம், இலையை எண்ணுங்கள்.

பெப்ரவரி 5
“இங்கே பகல் போதாது, அதுதான் செடி குட்டை” என்று பலரும் சொல்வது சரியல்ல. சோளம் குறும்பகல் பயிர். பகல் நீண்டால்தான் பூக்கத் தாமதிக்கும், அதுவும் ஆண்பூ உள்ளே உருவாகும் வரைக்கும்தான். கொழும்பில் டிசம்பர்ப் பகலுக்கும் ஜூன் பகலுக்கும் ஐம்பது நிமிடம் அளவே வித்தியாசம். வெப்பமண்டல இனத்தை வடக்கே 14, 15 மணிநேரப் பகலுக்குக் கொண்டுபோனால், இலைமேல் இலை விட்டு உயர்ந்துகொண்டே போய்ப் பிந்திப் பூக்கும்.

குளிர்நாட்டு விதைப் பக்கற்றுக்கு இங்கே வேறு கதை. அந்த இனங்கள் பகல் நீளத்தை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. ஆனால் இரவும் 22க்குக் கீழ் இறங்காத ஊரில் அலகுகள் விரைந்து சேர, செடி போதிய வெயிலைச் சேர்க்குமுன்னே பூத்துவிடுகிறது. கதிர் சிறுத்துப்போவது அதனால்தான். பக்கற்றில் உள்ள முதிர்வு நாளையும் இங்கே நம்ப முடியாது.

பெப்ரவரி 19
பத்தாம் இலைக்குப் பிறகு வேகம் கூடும்: இலைக்கு 28 அலகு, இரண்டு நாள்கூட இல்லை. தண்ணீர் தவறக்கூடாது.

மார்ச் 1
ஆண்பூ விரிந்தது, பட்டிழையும் (கதிர் நுனியில் வரும் பட்டு நூல்கள்) எட்டிப்பார்க்கிறது. மகரந்தம் பனி காய்ந்த பின், முற்பகலில் உதிரும். 35ஐத் தாண்டிய வறண்ட வெயில் அதைக் கருக்கும்; கடற்காற்று இருப்பதால் இங்கே அந்தப் பயம் குறைவு. தண்ணீர்த் தட்டுப்பாடுதான் ஆபத்து: பட்டிழை பிந்தும், மகரந்தம் ஒரு கிழமைக்குள் தீர்ந்துவிடும், கதிரில் பல் விழுந்த மாதிரி இடைவெளி வரும். மழை தொடர்ந்தால், காய்ந்த நேரம் பார்த்துத் தண்டை மெல்லத் தட்டிவிடலாம்.

மார்ச் 9
இரவு 25. பகலில் செய்த மாச்சத்தில் ஒரு பங்கைச் செடி இரவில் சுவாசித்தே கரைக்கிறது. மணி நிரம்பும் காலமும் சுருங்குகிறது. இதற்கு மருந்தில்லை. சூடு கூடும் சித்திரைக்கு முன்பே மணி பிடிக்கும்படி விதைப்பதுதான் வழி.

மார்ச் 19
பட்டிழை பழுப்பு. மணியை நகத்தால் கீறினால் பால் வர வேண்டும். தண்ணீராக வந்தால் பொறுங்கள், மாவாக வந்தால் பிந்திவிட்டது. இந்தச் சூட்டில் பால் வரும் பருவம் இரண்டு, மூன்று நாள்தான். விடியலில் முறித்து, தோலோடு உடனே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வெளியே வைத்தால் பின்னேரத்துக்குள் இனிப்புக் குறையும்.