டயாலிசிஸுக்கு மறுநாள் ஒரு கண் அறுவைச் சிகிச்சை

வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவர் கண்புரைக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளப் போகிறேன் என்று சொன்னால், சுற்றியிருப்பவர்கள் முதலில் கேட்பது, "இருக்கிற தொந்தரவு போதாதா, கண்ணுக்கு இப்போது என்ன அவசரம்?" என்பதுதான். நீடாமங்கலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் மைத்துனரும் அதையே கேட்டார். அக்கறையில் கேட்ட கேள்விதான் அது. ஆனால், சிறுநீரகம் செயலிழந்தவருக்கு மற்றவர்களைவிடக் கண் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதை நான் அனுபவத்தில் அறிந்திருந்தேன். குடிக்கும் தண்ணீரை டம்ளரில் அளந்து பார்க்க வேண்டும்; எடைக் கருவியில் புள்ளிக்குப் பின்னால் வரும் எண் வரை படிக்க வேண்டும்; டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இரத்தக் குழாய்களை இணைத்துப் பிஸ்டுலா போட்ட கையில் ஊசி குத்திய இடம் சிவந்திருக்கிறதா, சீழ் வைத்திருக்கிறதா என்று தினமும் கவனிக்க வேண்டும்; ஒரே அளவில் வெள்ளை வெள்ளையாக இருக்கும் மாத்திரைகளில் எது பிரஷருக்கு, எது பாஸ்பரஸுக்கு என்று பிரித்தறிய வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, சிறுநீரகம் கெட்டவருக்கு எலும்பும் வலுவிழந்திருக்கும் என்பதால், மங்கிய பார்வையோடு கொல்லைப் படியில் இறங்கிக் கால் தவறினால் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையோடு போய்விடும்.

எங்களைப் போன்றவர்களுக்குக் கண்புரை சீக்கிரமாக வருவதற்கும் காரணங்கள் உண்டு. பலருக்குச் சிறுநீரகத்தைக் கெடுத்த சர்க்கரையே கண் லென்ஸையும் மங்கச் செய்கிறது. இரத்தத்தில் கால்சியம் குறைவதும், நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிடுவதும் அதற்குத் துணை போகின்றன. சர்க்கரை உள்ளவர்களுக்குப் புரைக்குப் பின்னால் விழித்திரையும் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால், லென்ஸ் மாற்றினால் எவ்வளவு பார்வை திரும்பும் என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

'புரை நன்றாக முற்றட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று காத்திருப்பது நம் பக்கத்தில் பழைய வழக்கம். டயாலிசிஸில் இருப்பவர் அப்படிக் காத்திருக்கக் கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன். புரை மென்மையாக இருக்கும்போது, ஊசி எதுவும் போடாமல் சொட்டு மருந்திலேயே கண்ணை மரத்துப்போகச் செய்து, 3 மில்லிமீட்டருக்கும் குறைவான திறப்பின் வழியே ஃபேகோ என்ற அல்ட்ராசவுண்ட் முறையில் அதைக் கரைத்து உறிஞ்சிவிட முடிகிறது. அந்தத் திறப்பு இரத்தக் குழாயே இல்லாத கருவிழியில் அமைவதால் இரத்தக் கசிவு என்ற பேச்சுக்கே அநேகமாக இடமில்லை. முற்றிக் கெட்டியாகிவிட்டாலோ, 6, 7 மில்லிமீட்டர் அளவுக்குத் திறக்க வேண்டியிருக்கலாம். கண்ணைச் சுற்றி ஊசியும் போட வேண்டியிருக்கலாம். இரத்தம் உறையாமலிருக்க டயாலிசிஸில் செலுத்தும் ஹெப்பாரினும், ஆஸ்பிரினும் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கும் எங்களுக்கு அந்த ஊசிதான் கவலை தரக்கூடியது. பணத்தை நினைத்துத் தள்ளிப்போட வேண்டியதும் இல்லை. அரசு மருத்துவமனைகளில் கண்புரை அறுவைச் சிகிச்சை இலவசம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் முயற்சியால் 1992-இல் ஆரோலேப் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டு உள்நாட்டிலேயே செயற்கை லென்ஸ் செய்யத் தொடங்கிய பிறகு, ஏழைக்கும் லென்ஸ் எட்டும் விலைக்கு வந்துவிட்டது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நாள் குறிப்பது. எனக்கு மன்னார்குடியில் செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாட்களில் டயாலிசிஸ். சனிக்கிழமை முடித்துவிட்டு வந்தால் ஞாயிறும் திங்களும் இடைவெளி. திங்கட்கிழமை மாலைக்குள் உடம்பில் நீரும் பொட்டாசியமும் ஏறி, மல்லாந்து படுத்தாலே மூச்சு முட்டும். ஞாயிற்றுக்கிழமைக் கண் முகாமில் ஆட்களைப் பரிசோதித்து, அன்றே வண்டியில் அழைத்துப் போய், மறுநாள் அறுவைச் சிகிச்சை செய்து அனுப்பும் ஏற்பாடு எத்தனையோ பேருக்குக் கண் கொடுத்திருக்கிறது என்றாலும், என் அட்டவணைக்கு அது பொருந்தவே பொருந்தாது. டயாலிசிஸ் நடக்கும் நாளிலேயே செய்வதும் சரிப்படாது. களைப்பும் இரத்த அழுத்தம் இறங்குவதும் ஒருபுறமிருக்க, ஹெப்பாரினின் வேகம் தணியச் சில மணி நேரமாவது ஆகும். ஆகவே, செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் முடித்து, நீர் இறங்கி, இரவு தூங்கி எழுந்து, புதன்கிழமை காலையில் அறுவைச் சிகிச்சைக்குத் தஞ்சாவூர் போய்ச் சேர்வது என்று சிறுநீரக மருத்துவர் முடிவு செய்தார். கண் மருத்துவரும் அதை ஏற்றுக்கொண்டார்.

இந்த இரண்டு மருத்துவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதில்லை. அவர்களுக்கு இடையே செய்தி கொண்டுபோவது நோயாளியின் வேலையாகிவிடுகிறது. எனவே சிறுநீரக மருத்துவரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டேன். எந்தெந்த நாளில் டயாலிசிஸ், எந்தக் கையில் பிஸ்டுலா, என்னென்ன மாத்திரைகள், எவற்றைக் கொடுக்கக் கூடாது என்பவை அதில் இருந்தன. அறுவைக்கு முன் பலருக்கும் தரும் மருந்துகள் அச்சடித்த ஒரு சீட்டு எனக்கும் கொடுக்கப்பட்டது; அதில் கண் அழுத்தத்தைக் குறைக்கும் டயமாக்ஸ் மாத்திரைக்கு எதிரே நீல மையில் டிக் போட்டிருந்தது. சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டிய அந்த மருந்து எங்கள் உடம்பில் தங்கி, புத்தி தடுமாறி மயங்கும் நிலை வரை கொண்டுபோகக் கூடியது. கடிதத்தைப் படித்ததும் செவிலியர் மருத்துவரிடம் கேட்டு வந்து அந்த வரியை அடித்துவிட்டு, "நல்ல வேளை காட்டுனீங்க ஐயா" என்றார். சிறுநீர் பிரியாதவருக்குக் கண் அழுத்தம் குறைய மானிட்டால் மருந்தை ஏற்றுவதும் இதே போல் ஆபத்தானது. கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்தில் பினைலெப்ரின் செறிவாக இருந்தால் இரத்த அழுத்தம் ஏறும். இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை நாமாக நிறுத்திவிடவும் கூடாது. மஞ்சள் காமாலைக் கிருமி, எச்.ஐ.வி. பரிசோதனைகள் டயாலிசிஸ் மையத்திலேயே அவ்வப்போது எடுக்கப்படுவதால், அந்த அறிக்கைகளின் நகலைக் கொண்டுபோனால் மறுபடியும் இரத்தம் எடுக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போகலாம். ஏற்கெனவே இரத்தம் குறைந்து, ஊசி போட நரம்பு கிடைக்காமல் இருப்பவர்களுக்கு அது சிறிய உதவி அல்ல.

அறுவை அரங்கில் இடக்கையில் பட்டை கட்டி பிரஷர் பார்க்க வந்தவரிடம், அது பிஸ்டுலா கை என்று சொல்லி வலக்கையை நீட்டினேன். முகத்தைத் துணியால் மூடியதும் வெளிச்சத்தைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. வலி இல்லை, தண்ணீர் வழிவதும், ஏதோ ஒன்று மெல்ல அழுத்துவதும் மட்டும் புரிந்தன. எனக்குச் சிரமமாக இருந்தது உடம்பு அரிப்புதான். யூரியாவும் பாஸ்பரஸும் ஏறியவர்களுக்கு இது தீராத தொல்லை என்பதால், அசையாமல் படுத்திருக்க வேண்டிய அந்த நேரத்தைப் பற்றி முன்பே மருத்துவரிடம் சொல்லி வைத்திருந்தேன். அதற்கென்று ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்.

மறுநாள் வியாழக்கிழமை, கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு டயாலிசிஸுக்குப் போனேன். அன்று ஹெப்பாரினைக் குறைத்துக்கொண்டார்கள். ஒரேயடியாக அதிக நீரை இழுக்க நேர்ந்தால் பிரஷர் இறங்கும், உடனே காலை உயர்த்தித் தலையைத் தாழ்த்துவார்கள், அது கண்ணுக்கு அழுத்தம் என்பதால், முந்தின நாளிலிருந்தே தண்ணீரை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தேன். பலரும் எதிர்பார்க்காத சிக்கல் சொட்டு மருந்தில் வரும். ஒரு கை ஊசிகளோடு நான்கு மணி நேரம் அசையாமல் கிடக்கையில், நேரத்துக்கு மருந்து விட்டுக்கொள்ள முடியாது. உள்ளே வீட்டாருக்கு அனுமதியும் இல்லை. டெக்னீஷியன் தம்பி கையுறையை மாற்றிக்கொண்டு, "மேலே பாருங்க சார்" என்று இமையை இழுத்து ஒரு சொட்டு விட்டார். அந்த நன்றியை இங்கே பதிவு செய்யாமல் இருக்க முடியவில்லை.

அடுத்து வந்த டயாலிசிஸ்களில் ஒரு நாள் மூடி இல்லாமல் இயந்திரத்தைப் பார்த்தேன். குழாய்களில் சிவப்புக் கிளிப்பும் நீலக் கிளிப்பும் இருப்பது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் புரையின் பழுப்பு வழியே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த நீலம் இவ்வளவு பளிச்சென்று இருக்கும் என்பது தெரியாது. வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

நலம் விசாரிக்க வந்த உறவினர்கள் இளநீரும் பூவன் பழச் சீப்பும் கொண்டுவந்தார்கள்; இரண்டிலும் பொட்டாசியம் நிறைய என்பதால் என் மனைவி அவற்றை அடுத்த வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார். சம்பா அறுவடை நேரம் என்பதால் அறுவடை இயந்திரம் கிளப்பிய நெல் தூசி தெருவெங்கும் பறந்தது. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வாசலில் நிற்கவில்லை, தலைக்கும் குளிக்கவில்லை.

இடக்கண் முடிந்தது; வலக்கண்ணுக்கு இன்னும் அறுவை பாக்கி இருக்கிறது. பார்வை இழந்த சுந்தரர் ஒரு கண்ணைக் காஞ்சியிலும் மறு கண்ணைத் திருவாரூரிலும் பெற்றார் என்று சொல்லும் மண் இது; திருவாரூருக்குப் போய் வர வேண்டும் என்று மனைவி வேண்டிக்கொண்டிருக்கிறார், நானும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். இடக்கண்ணுக்குச் சொட்டு மருந்து முடிந்து, கண்ணாடிக்கு அளவெடுத்த பின், அறுவடைத் தூசி அடங்கியதும், மறுபடியும் ஒரு புதன்கிழமை கேட்டிருக்கிறேன். மாத்திரைகள் சில மாறியிருப்பதால் சிறுநீரக மருத்துவரிடம் புதிய கடிதம் வாங்க வேண்டும்.