டிசி மட்டும் வாங்கிவிடாதீர்கள்

"கல்லூரி மாணவி கர்ப்பம்" என்று கேட்டதும் நம் ஊரில் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கதைதான் மனதில் ஓடும். காதல், ஏமாற்றம், ஹாஸ்டல், போலீஸ். நான் பாடம் நடத்துகிற கல்லூரியில் பார்த்த வரைக்கும் அந்தக் கதைக்குள் அடங்குகிறவர்கள் குறைவு. எம்.எஸ்சி. முதல் வருட லீவில் கல்யாணம் முடிந்து, இரண்டாம் வருடம் புதுத் தாலியோடு வந்து உட்கார்ந்து, மாடல் எக்ஸாம் சமயத்தில் வாந்தி, மயக்கம் என்று பாதி வகுப்பில் எழுந்து போகிற பெண்கள்தான் அதிகம். பி.எட்., நர்சிங், சட்டம் எதை எடுத்தாலும் இதே நிலைதான். கல்யாணமாகாத பெண்ணுக்கும் நடக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் சுற்றியிருப்பவர்கள் முதலில் சொல்லும் யோசனை ஒன்றுதான்: "டிசியை வாங்கிட்டு வந்துடு, அப்புறம் பார்த்துக்கலாம்."

அந்த "அப்புறம்" வருவதில்லை. டிசி வாங்கினால் சீட்டு போச்சு. திரும்பப் படிக்க வேண்டுமென்றால் புதிதாக விண்ணப்பம், புதிதாக ஃபீஸ், வேறு பாடத்திட்டம், கைக்குழந்தை. யார் செய்வார்கள்? பெரும்பாலான பல்கலைக்கழக விதிகளில் படிப்பை இடையில் நிறுத்திவைத்து மறுபடி சேர்வதற்கு ஒரு வழி இருக்கிறது. பிரேக் ஆஃப் ஸ்டடி என்பார்கள். பழைய மதிப்பெண்கள் அப்படியே இருக்கும், விட்ட செமஸ்டரிலிருந்து தொடரலாம். படிப்பை முடிக்க மொத்தம் எத்தனை வருடம் தருகிறார்கள் என்பதை மட்டும் ரெகுலேஷன் புத்தகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆபீஸ் கவுன்டரில் நிற்கும் பெண்ணிடம் இதை யாரும் தானாக எடுத்துச் சொல்லமாட்டார்கள். டிசி ஃபாரம் நீட்டுவது சுலபம்.

சரி, அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எத்தனை வாரம் என்று தெரிந்துகொள்வது. கடைசியாக வந்த மாதவிலக்கின் முதல் நாளிலிருந்துதான் டாக்டர்கள் வாரம் எண்ணுகிறார்கள். உறவு நடந்த நாளிலிருந்து எண்ணுவதில்லை. அதனால் நாள் தள்ளிப்போய் ஒரு வாரம் ஆன பெண்ணுக்கு ஏற்கெனவே ஐந்து வாரம் ஆகியிருக்கும். இதுவும் மாதாமாதம் ஒழுங்காக வருகிறவர்களுக்குத்தான். பிசிஓடி எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிற பெண்கள் "எனக்கு எப்பவுமே ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான் மேம்" என்று அலட்சியமாக இருந்துவிட்டு, ஸ்கேனில் பதினாறு வாரம் என்று வந்ததும் ஆடிப்போவார்கள். ஆகவே கார்டு டெஸ்டில் இரண்டு கோடு விழுந்தால் அடுத்தது ஸ்கேன்தான். யாரிடம் சொல்வது, என்ன சொல்வது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. பெற்றுக்கொள்வதா வேண்டாமா என்பது அவள் முடிவு. ஆனால் அந்த முடிவை எடுக்க எத்தனை நாள் கையில் இருக்கிறது என்பதை ஸ்கேன்தான் சொல்லும்.

வேண்டாம் என்றால், இந்தியாவில் 1971 முதல் கருக்கலைப்புக்குச் சட்டம் இருக்கிறது. 2021இல் அதைத் திருத்தினார்கள். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் ஒப்புதல் போதும். 20 முதல் 24 வாரம் வரை, சட்டம் குறிப்பிடுகிற சில நிலைமைகளில் உள்ளவர்களுக்கு, இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் திருத்தத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது, கருத்தடை முறை பலிக்காமல் போனது பற்றிய இடத்தில் "திருமணமான பெண், அவள் கணவன்" என்று இருந்ததை எடுத்துவிட்டு "பெண், அவள் துணை" என்று மாற்றியது. அப்படியும் 20 வாரத்துக்கு மேல் கல்யாணமாகாதவர்களுக்கு இடமில்லை என்று ஒரு விளக்கம் இருந்தது. 25 வயதுப் பெண் ஒருவர் டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்த பிறகு உச்ச நீதிமன்றம் போனார். 2022 செப்டம்பர் 29 அன்று நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு, கல்யாணமானவள், ஆகாதவள் என்று பிரித்துப் பார்ப்பது செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை டாக்டர்கள் போடக்கூடாது என்றும் இருக்கிறது. 18 வயது முடிந்த பெண்ணுக்கு அவளுடைய கையெழுத்து மட்டும் போதும். புருஷனைக் கூட்டிட்டு வா, அம்மாவைக் கூட்டிட்டு வா என்பதெல்லாம் சட்டத்தில் கிடையாது. நடைமுறையில் கேட்கிறார்களா என்றால், கேட்கிறார்கள். அப்போது சண்டை போட்டு நாளை வீணாக்காமல் வேறு ஆஸ்பத்திரிக்குப் போவதே மேல். பெயரை வெளியே சொன்னால் டாக்டருக்கே தண்டனை உண்டு என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. சென்னையில் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். இருக்கின்றன, வெளியூர்களில் மாவட்டத் தலைமை மருத்துவமனையோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ இருக்கும். கூட்டத்தில் தெரிந்த முகம் பார்த்துவிடுமோ என்ற பயத்தில்தான் பல பெண்கள் ஃப்ரெண்டின் ஃப்ரெண்டு மூலமாகக் கருக்கலைப்பு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். இதில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். ஒன்பது வாரத்துக்குள், டாக்டர் பார்த்துக் கொடுத்தால் அது பாதுகாப்பான மாத்திரைதான். ஆனால் கரு, கருப்பைக்குள் இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை வேலை செய்யாது, குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. வாரம் கூடியிருந்தாலும் பாதி கலைந்து பாதி தங்கிவிடக்கூடும். ஹாஸ்டல் பாத்ரூமில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து சமாளிக்கிற விஷயம் இல்லை இது. ஒருவேளை யாராவது ஏற்கெனவே போட்டுக்கொண்டு, மணிக்கு இரண்டு நாப்கின் நனைகிற அளவுக்கு ரத்தம் போனால், திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், 108ஐக் கூப்பிடுங்கள்.

முதலாம் ஆண்டுப் பெண்களில் 17 வயதுக்காரர்களும் இருப்பார்கள். அவர்கள் விஷயம் வேறு. பாதுகாவலர் கையெழுத்து வேண்டும், சிறார் பாலியல் குற்றத் தடுப்புக்கான போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவலும் போகும். இருந்தாலும் அந்தப் பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் டாக்டர் தருகிற தகவலில் பெயர், அடையாளம் இருக்க வேண்டியதில்லை என்று மேலே சொன்ன அதே 2022 தீர்ப்பு சொல்கிறது. போலீஸ் என்ற சொல்லுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பெற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தவர்களுக்குத்தான் கல்லூரி உண்மையில் தலைவலி. வேலைக்குப் போகிற பெண்ணுக்கு 26 வாரம் மகப்பேறு விடுப்பு சட்டமாகவே இருக்கிறது. மாணவி ஊழியர் இல்லையே, அதனால் அந்தச் சட்டம் அவளுக்குப் பொருந்தாது. பிஎச்.டி. செய்கிறவர்களுக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதியிலேயே 240 நாள் வரை விடுப்பு உண்டு. இளங்கலை, முதுகலைக்கு என்ன? 2021 டிசம்பர் 14 அன்று யுஜிசி எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. மாணவிகளுக்கு மகப்பேறு விடுப்பு தர விதி வகுத்துக்கொள்ளுங்கள், வருகைப்பதிவிலும் பரீட்சை விண்ணப்பத் தேதியிலும் சலுகை கொடுங்கள் என்று. எத்தனை நாள் என்று அதில் எண் கிடையாது, "கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்ற தொனிதான். எண் போடாத இடத்தில் எல்லாம் ஹெச்ஓடியின், அதாவது துறைத் தலைவரின், மனசைப் பொறுத்தது. நல்லவர் அமைந்தால் வருகைக் குறைவை மன்னிப்பதற்கான கண்டோனேஷன் ஃபீஸ் கட்டச் சொல்லிப் பரீட்சைக்கு விடுவார், இல்லையென்றால் அட்டெண்டன்ஸ் லேக், ஒரு வருடம் காலி.

கேரளாவில் எண் போட்டார்கள். கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் 2022 டிசம்பரில் 18 வயது நிறைந்த மாணவிகளுக்கு 60 நாள் என்று முடிவெடுத்தது. அடுத்த மாதமே மாநில அரசு அதை மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் கொண்டுபோனது. பிறகு கேரளப் பல்கலைக்கழகம் ஆறு மாதம் வரை, திரும்பி வரும்போது மறுபடி அட்மிஷன் போடத் தேவையில்லை என்றது. பக்கத்து மாநிலத்தில் முடிகிறது என்றால் இது ஒன்றும் வானத்தை வில்லாக வளைக்கிற காரியம் இல்லை, பல்கலைக்கழக நிர்வாகக் குழுவான சிண்டிகேட்டின் ஒரு கூட்டத்தில் முடிகிற வேலை.

கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தவர்களும் இருக்கிறார்கள். மீரட் சவுத்ரி சரண் சிங் பல்கலைக்கழகத்தில் எம்.எட். படித்த ஒரு பெண் 59 நாள் விடுப்பு கேட்டார், விதியில் இடமில்லை என்று மறுத்தார்கள். 2023 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம், படிப்பா பிள்ளையா என்று ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்க வைக்கக் கூடாது என்று சொல்லி, அந்த நாட்களைக் கணக்கில் எடுத்து 80 சதவீதம் வந்தால் பரீட்சை எழுத விடுங்கள் என்றது. இதற்கு முன்பே அலகாபாத் உயர் நீதிமன்றம் ஒரு பி.டெக். மாணவியின் வழக்கில் பல்கலைக்கழகத்தை விதி வகுக்கச் சொல்லியிருந்தது. நிறைமாதத்தில் யார் கோர்ட்டுக்கு அலைவார்கள் என்பீர்கள். நியாயம்தான். ஆனால் இலவச சட்ட உதவிக்குப் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்தாலே சில பிரின்சிபால்களுக்கு விதி நினைவுக்கு வந்துவிடும்.

சின்ன விஷயங்களும் இருக்கின்றன. கெமிஸ்ட்ரி லேபில் சால்வென்ட் வாடை, ஜுவாலஜியில் ஃபார்மலின், ரேடியாலஜி படிக்கிறவர்களுக்கு எக்ஸ்ரே. ஆரம்ப மாதங்களிலேயே கைடிடம் சொன்னால் எழுத்து வேலைக்கு மாற்றிக்கொள்ளலாம். வயிறு தெரிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ஒளித்துவைத்தால் அந்த மாதங்கள்தான் போகும். கிராம சுகாதார செவிலியரிடமோ நகர ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் என்ற பதிவு எண்ணை வாங்கிவிடுங்கள், பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும். வசதி இல்லாத குடும்பத்தில் 19 வயது முடிந்திருந்தால் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் இந்தப் பதிவுதான் வாசல், மொத்தம் 18,000 ரூபாய், அதில் ஒரு பகுதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும்.

கல்யாணமாகாமல் பெற்று, தானே வளர்க்க நினைக்கிறவருக்குத் தகப்பன் பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, தாய் ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் பிறப்புச் சான்றிதழ் தர வேண்டும் என்று. வளர்க்க முடியாது என்றால் குழந்தைகள் நலக் குழுவில் முறையாக ஒப்படைக்கலாம். மனது மாற 60 நாள் அவகாசம் உண்டு, அதற்குப் பிறகுதான் தத்துக்குப் போகும். 1992இல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டமும் இருக்கிறது. ஆஸ்பத்திரி நர்ஸ் மூலமாக "நல்ல குடும்பம் ஒன்னு இருக்கு" என்று கைமாற்றி விடுவது மட்டும் வேண்டாம், அது குற்றம், அவகாசமும் கிடைக்காது. யாரிடம் தொடங்குவது என்றே தெரியாதவர்கள் 181ஐக் கூப்பிடலாம், மருத்துவச் சந்தேகம் என்றால் 104.

கடைசியாக அந்த லீவ் லெட்டர். "உடல்நிலை சரியில்லாத காரணத்தால்" என்று எழுதாதீர்கள். மகப்பேறு விடுப்பு என்றே எழுதுங்கள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று போடுங்கள், யுஜிசியின் 14.12.2021 கடிதத்தைக் குறிப்பிடுங்கள், டாக்டர் சான்றிதழை இணையுங்கள். ஹெச்ஓடி கையில் மட்டும் கொடுத்துவிட்டு வராமல் பிரின்சிபால் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் சீல் வைத்துத் தேதியோடு வாங்கி வையுங்கள். அந்த நகல் இருந்தால் ஹால் டிக்கெட் சமயத்தில் "நீ சொல்லவே இல்லையே" என்று யாரும் சொல்ல முடியாது.